அப்பா சொன்னதில் மிச்சம்

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கிட்டு இருக்கோம், அந்த அளவுக்கு நல்லாத்தான் இருக்கோம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுறியா, கண்ணெரிச்சல் குறைஞ்சுதா, டாக்டர் குடுத்த சொட்டு மருந்தை விடாம போடுறியான்னு தெரிஞ்சா எனக்குப் பாதி நோய் போயிடும். போன்ல பேசக்கூடாதா, இந்தக் காலத்துல யாரும்மா கடுதாசி எழுதுவாங்கன்னு கேப்பே. போன் பண்ணினா நீ எப்பவும் ஷிப்ட்ல இருக்கேன்மா அப்புறம் பேசுறேன்னுதான் சொல்றே, அந்த அப்புறம் இன்னும் வந்து சேரலை. அது போக நம்ம வீடு உனக்குத் தெரியாததா, முன்னறையில பேசினா சமையக்கட்டுக்குக் கேக்கும், சமையக்கட்டுல பேசினா முன்னறைக்குக் கேக்கும், அப்பா காதுல விழாம உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னா இப்படி எழுதித்தான் ஆகணும். அவர் காலையிலேயே வெளியில போயிட்டார், எங்க போயிருக்கார்னு பின்னால சொல்றேன். தையல் மேசையைக் காலி பண்ணிட்டு உக்காந்திருக்கேன். தபால்ல கடுதாசி வந்திருக்கேன்னு பதறாதே, யாரும் சாகலை.

உன் பெரியம்மா மகளுக்கு ரெண்டாவதும் பொண்ணு, தாயும் பிள்ளையும் சௌக்கியம், உன்னை எங்க எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தா, நான் ஏதோ சொல்லிச் சமாளிச்சேன். என் முழங்கால் மழை வர்றதை முன்கூட்டியே சொல்லிடுது, உங்க டிவி வானிலைக்காரரை விட அதுக்கு விவரம் அதிகம். குளியலறைச் சுவத்துல திரும்பவும் ஈரம் ஏறுது, மாடிவீட்டு லேத்துக்காரர் வீட்டுக் குழாய்தான் காரணம், முன்னெல்லாம் மாடிப்படியில நின்னு உரிமையா ஒரு சத்தம் போடுவேன், இப்ப அவர் முகத்தைப் பாக்கவே பிடிக்கலை. ஆஸ்பத்திரி ஆயாக்களுக்கு யூனிபார்ம் தைக்கிற வேலை வந்திருக்கு, எல்லாத்தையும் ஒரே அளவுல வெட்டச் சொல்லிட்டாங்க, குண்டா இருக்கிறவ என்ன பண்ணுவா ஒல்லியா இருக்கிறவ என்ன பண்ணுவான்னு கேட்டா அது எங்க கவலை இல்லைங்கிறாங்க. சரி, இதெல்லாம் எழுதத்தான் உக்காந்தேன்னு நீயும் நம்பமாட்டே, நானும் நம்பலை. விஷயத்துக்கு வர்றேன்.

நீ அந்த டிவியில வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து நம்ம வீட்டுல வேற சேனல் ஓடினது கிடையாது. உன் முகமும் வராது, பேரும் வராது, ஆனாலும் அப்பாவுக்கு அது உன்னைப் பாக்கிற மாதிரி. ஒரு படத்துல இருந்து இன்னொரு படத்துக்கு வழுக்கிக்கிட்டுப் போச்சுன்னா இது பாப்பா கைதான்னு தொடையைத் தட்டுவார். ஏங்க, அவ உள்ள உக்காந்து வெட்டி ஒட்டுறவ, வாசிக்கிறவ கூட இல்லையேன்னு நான் கிண்டல் பண்ணினா, நீயும் துணியை வெட்டுறதாலதானே அது சட்டையாகுது, வெட்டுறவ கையிலதான்டி எல்லாம் இருக்குன்னு என் வாயை அடைச்சுடுவார். தெருவுல அவருக்கு டிவிக்காரர்னே பேர் ஆயிடுச்சு. இத்தனை வருஷம் பஸ் ஓட்டினப்போ கிடைக்காத மரியாதை! என்ன செய்தி வந்தாலும் வாசல்ல வந்து நின்னு இது நிஜமாண்ணேன்னு அவர்கிட்டத்தான் கேப்பாங்க, இவரும் சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கிட்டு, எங்க பாப்பா இருக்கிற இடத்துல தப்பா ஒண்ணும் வராதுன்னு சொல்லி அனுப்புவார். என்னமோ நீதான் அந்த டிவிக்கு முதலாளி மாதிரி.

அப்பா பேசுற விதமும் உனக்குத் தெரியும். டிப்போ யூனியன்ல பஞ்சாயத்துப் பண்ணிப் பண்ணி வந்த பழக்கம் அது. எதிராளி சொல்றதை எதிராளியை விட நல்லாச் சொல்லிட்டு, எல்லாரும் ஐயையோ இவர் அந்தப் பக்கம் சாஞ்சுட்டாரேன்னு நினைக்கிற நேரம் பாத்து, ஆனான்னு ஒரு இழுப்பு இழுத்து, அப்புறம்தான் தன் பேச்சையே ஆரம்பிப்பார். அவருக்கு ஆனா அப்பான்னு பட்டப்பேர் வச்சதே நீதானே. சாப்பிட உக்காந்தா, அவர் ஆனான்னு சொல்ற நேரத்துக்குக் காத்துக்கிட்டு இருந்து நீ தட்டுல டங்குன்னு ஒரு தட்டுத் தட்டுவே, அவருக்கே சிரிப்பு வந்துடும். நீ இந்த வேலைக்குப் போறேன்னு நின்னப்போ என்ன பண்ணினார், பொம்பளைப் பிள்ளையைத் தனியா அவ்வளவு தூரம் அனுப்பலாமா, ஒரு காய்ச்சல் வந்தா யார் பாப்பாங்க, கல்யாணம் தள்ளிப் போகுமேன்னு சொந்தக்காரங்க சொன்னதையெல்லாம் ஒண்ணு விடாம சொன்னார், நீ அழவே ஆரம்பிச்சுட்டே, நான்தான் உன் கையைக் கிள்ளி இருடி, இன்னும் வரலைடின்னேன். அப்புறம் வந்துச்சு. அந்த ஒரு ஆனாவுக்கு அப்புறம் வந்த பேச்சுலதான் நீ இன்னிக்கு அங்க உக்காந்திருக்கே. மறந்திருக்க மாட்டே.

போன மாசம் நம்ம தெருவுல ஒவ்வொரு வீடாப் பிள்ளைங்களுக்கு வாந்தியும் வயித்துப்போக்கும் பிடிச்சுக்கிச்சு. முதல்ல வெயில்னு நினைச்சோம், அப்புறம் பெரியவங்களுக்கும் வந்துச்சு, இஸ்திரிக்காரர் மகள் கண்ணு சொருகிப் போய் அவளைத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க, ஆஸ்பத்திரியில ஒரு கட்டில்ல ரெண்டு பிள்ளைங்க படுத்திருந்ததை என் கண்ணால பாத்தேன். யார் முதல்ல சொன்னாங்கன்னு தெரியலை, கேன் தண்ணிதான் காரணம்னு ஒரு பேச்சுக் கிளம்பிடுச்சு. நம்ம கேன்காரர்தான், வேற யாரு. நீ பரீட்சைக்குப் போன அன்னிக்கு சைக்கிள் பஞ்சராகி நடுரோட்டுல நின்னப்போ, கேன்களுக்கு நடுவுல உன்னை உக்கார வச்சு வண்டியில கொண்டு போய் விட்ட மனுஷன். எனக்கு இடுப்பு வலின்னு, கேனைத் தூக்கிட்டு வந்து தானே ஸ்டாண்டுல கவுத்து வச்சுட்டுத்தான் போவார், அக்கா நீங்க தொடாதீங்கம்பார். தெருவுல எல்லாரும் அவர்கிட்டத்தான் தண்ணி வாங்குறோம், அதனால வாந்தி எடுத்தவங்க எல்லாரும் அந்தத் தண்ணியைக் குடிச்சவங்கதான், அது நிஜம். ஆனா அதே எல்லாரும் குழாய்த் தண்ணியிலதான் பல் விளக்குறோம், பாத்திரம் கழுவுறோம். ஏதோ கேபிள் போடுறோம்னு ரோட்டைத் தோண்டிப் போட்டுட்டுப் போனதுல இருந்து குழாயைத் திறந்தாலே ஒரு நாத்தம் வந்துச்சு, சாக்கடை பக்கத்துலேயே ஓடுது. அப்பா அதை அப்பவே சொன்னார்.

அப்பத்தான் உங்க டிவி வண்டி தெருவுக்குள்ள வந்துச்சு. மத்தவங்க எல்லாம் நமக்கேன் வம்புன்னு ஜன்னலுக்குப் பின்னால போயிட்டாங்க. அப்பா இருக்காரே, வேட்டியை மாத்திச் சட்டையை மாத்தித் தலையைச் சீவிக்கிட்டு, மகள் வீட்டுல இருந்து ஆள் வந்த மாதிரி ஓடினார். மைக் பிடிச்ச பொண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும், வெயில்ல முகமே கன்னிப் போயிருந்துச்சு, பாவம், அப்பா அவளைப் படியில உக்கார வச்சு ஒரு சொம்பு தண்ணி குடுத்தார். கேன் தண்ணிதான். மடமடன்னு குடிச்சா. எங்க பாப்பா உங்க ஆபீஸ்லதான் இருக்கான்னு சொன்னார், அப்படியாங்க ஐயான்னு சிரிச்சா. அப்புறம் கேமராவைப் பாத்துப் பேசினார். நான் பின்னால கொடியில துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன், ஒரு வார்த்தை விடாம கேட்டேன். எங்க வீட்டுலயும் அந்தத் தண்ணிதான், எனக்கும் வயிறு சரியில்லை, பிள்ளைங்க படுத்துக் கிடக்குறதைப் பாத்தா யாருக்கும் அந்த ஆள் மேல சந்தேகம் வரத்தான் செய்யும்னார். அப்புறம் வழக்கம் போல இழுத்தார். ஆனா அந்த மனுஷனை எனக்குத் தெரியும், தொட்டியை அவர் எப்படிக் கழுவுறார்னு தினம் பாக்குறவன் நான், இந்தக் குழாய்த் தண்ணியை மோந்து பாருங்க, அந்தப் பள்ளத்தை வந்து பாருங்க, தப்பு அங்க இருக்குன்னு சொல்லி, அவங்களைக் கையோட கூட்டிக்கிட்டுப் போய் ரோட்டைத் தோண்டின இடத்தைக் காட்டினார். அதையும் படம் பிடிச்சாங்க. குனிஞ்சு குனிஞ்சு பிடிச்சாங்க. லேத்துக்காரரும் கூடவே நின்னார்.

சாயங்காலச் செய்தியில வரும்னு சொல்லிட்டுப் போனாங்க. அப்பா தெரு பூரா போய்ச் சொல்லிட்டு வந்தார். நம்ம முன்னறையில நிக்க இடமில்லை, இஸ்திரிக்காரர் ஆஸ்பத்திரியில இருந்து சட்டை கூட மாத்தாம வந்து சுவரோரமா நின்னார், நான் எல்லாருக்கும் டீ போட்டேன். வந்துச்சு பாப்பா. அப்பா முகத்தைச் சுத்தி ஒரு சிவப்பு வட்டம், பின்னால திகில் படத்துக்குப் போடுற மாதிரி ஒரு சத்தம், கீழ கொட்டை எழுத்துல உயிர் குடிக்குமா கேன் தண்ணின்னு. எங்க வீட்டுலயும் அந்தத் தண்ணிதான், எனக்கும் வயிறு சரியில்லை, அந்த ஆள் மேல சந்தேகம் வரத்தான் செய்யும். அத்தோட கேன்காரர் கடைப் பலகையைக் காட்டினாங்க. அப்பா கையைத் தூக்கி, இருங்க இருங்க, இப்ப வரும்னார். விளம்பரம் வந்துச்சு. பல்பொடி விளம்பரம். இவர் அந்தத் தூக்கின கையை இறக்காம, விளம்பரத்துக்கு அப்புறம் வரும், கொஞ்சம் இருங்கய்யான்னார். விளம்பரம் முடிஞ்சு வேற ஏதோ ஊர்ல வேற ஏதோ நடந்ததைச் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. அப்ப பாத்தா ரூம்ல பாதிப் பேர் இல்லை. டீயைக் கூடக் குடிக்கலை, டம்ளரை அப்படியே தரையில வச்சுட்டுப் போயிருந்தாங்க.

நம்ம வீட்டுல இருந்துதான் போனாங்க. அதுதான் என் நெஞ்சை அறுக்குது. நம்ம வீட்டுல உக்காந்து பாத்துட்டு நம்ம வாசல் வழியாத்தான் இறங்கிப் போனாங்க. கேன்காரர் கடையில இருந்த கேனையெல்லாம் ரோட்டுல போட்டு உடைச்சாங்க, வண்டியைக் கவுத்தாங்க, தண்ணியைச் சுத்தம் பண்ற மிஷினைக் கடப்பாரையால அடிச்சாங்க. தடுக்க வந்தவர் வலது கையில யாரோ ஓங்கி அடிச்சுட்டாங்க. அப்பா பின்னாலேயே ஓடினார், நான் சொன்னது அது இல்ல, மிச்சம் இருக்கு, மிச்சம் இருக்குன்னு கத்தினார், ஒருத்தன் திரும்பிப் பாத்து நீங்கதானே ஐயா சொன்னீங்க, டிவியிலதான் பாத்தோமேன்னுட்டுப் போயிட்டான். போலீஸ் வந்து உடைச்சவங்களை விட்டுட்டு, விசாரிக்கணும்னு கேன்காரரைத்தான் கூட்டிக்கிட்டுப் போச்சு. வண்டியில ஏறுறதுக்கு முன்னால அவர் நம்ம அப்பாவைப் பாத்தார். திட்டலை. நீங்களே சொல்லிட்டீங்களே அண்ணேன்னு மட்டும் சொன்னார். திட்டியிருந்தா கூடத் தேவலை.

அப்புறம் தண்ணியைச் சோதிச்சுப் பாத்தாங்க, அவர் தண்ணி சுத்தம், குழாயிலதான் சாக்கடை கலந்திருக்குன்னு முடிவு வந்துச்சு, அவரையும் விட்டுட்டாங்க. பிள்ளைங்களும் தேறிட்டாங்க, இஸ்திரிக்காரர் மகள் திரும்பவும் தெருவுல ஓடுறா, அது ஒண்ணுதான் இதுல நல்லது. அந்த முடிவை உங்க டிவி சொல்லுச்சான்னு கேக்காதே. சொல்லுச்சு. அடியில எறும்பு மாதிரி ஓடுதே ஒரு வரி, அதுல ஓடுச்சு, மேல யாரோ நடிகர் கல்யாணம் நடந்துக்கிட்டு இருந்துச்சு. நான் பாத்துட்டு ஏங்க ஏங்கன்னு கத்தினேன், அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடுறதுக்குள்ள அது ஓடிப் போச்சு. திரும்ப வரும்னு உக்காந்தே இருந்தார், வந்துச்சு, படிச்சார், கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டார். கேன்காரருக்குக் கை எலும்பு கூடிடுச்சு, ஆனா மணிக்கட்டு மடங்கலை, ஒரு டம்ளரைப் பிடிச்சாலே நடுங்குது, இனிமே கேன் தூக்குற பேச்சே இல்லை. கடையும் திறக்கலை. சுத்தம்னு தெரிஞ்சதுக்கு அப்புறமும் வாங்க ஆள் இல்லை, எதுக்கு வம்புங்கிறாங்க. இந்த மாசம் முடிஞ்சதும் வீட்டைக் காலி பண்ணிட்டு அவர் மாமனார் ஊருக்கே போறாங்களாம்.

நான் ஒவ்வொரு வீடாப் போய்ச் சொல்லிப் பாத்தேன், அவர் அப்படிச் சொல்லலை, நான் பின்னால நின்னு கேட்டேன்னு. நீங்க அவர் சம்சாரம், வேற எப்படிச் சொல்வீங்கங்கிறாங்க. சரி, லேத்துக்காரர் பக்கத்துலேயே நின்னாரே, அந்த மனுஷனையாவது சாட்சிக்குக் கூப்பிடலாம்னு மாடி ஏறினேன். அவர் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, நீங்க சொல்றது சரியா இருக்கலாம் அண்ணி, ஆனா எனக்கு இப்ப யோசிச்சா அண்ணன் டிவியில சொன்னதுதான் ஞாபகம் வருது, வேற எதுவும் வரமாட்டேங்குதுங்கிறார். பொய் சொல்லலை பாப்பா, அவர் முகத்தைப் பாத்தேன், நிஜமாவே ஞாபகம் இல்லை. காதால கேட்டது போயிடுச்சு, டிவியில பாத்ததுதான் நிக்குது. படி இறங்கி வந்துட்டேன்.

டிவி எல்லாம் சுத்தப் பொய்னு சொல்ல நான் வரலை. அந்தப் பெரும்புயல் வந்தப்போ உங்க டிவி சொன்னதாலதான் நாங்க முன்னாலேயே பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தங்கினோம், அந்த நன்றி எனக்கு இருக்கு. இதுல கூட அது பொய் சொல்லலையே. அப்பா அந்த வார்த்தையைச் சொன்னது நிஜம், அவர் வாய்தான், அவர் குரல்தான். அதை நினைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு. பொய்யா இருந்தா இல்லைன்னு சொல்லி அடிச்சுப் பேசலாம். நிஜத்துல பாதியை எடுத்துக் காட்டினா யார்கிட்டப் போய் என்னன்னு சொல்றது? இப்பெல்லாம் யாராவது டிவியில பேசினா என் தையல் நின்னுடுது. முன்னே ஒரு பொம்பளை, தன் மருமகளைப் பத்தி என்னமோ சொன்னான்னு காட்டினாங்களே, நீயும் நானும் போன்ல பேசிக்கிட்டே அவளைக் கழுவிக் கழுவி ஊத்தினோமே. அவ அதுக்கப்புறம் என்ன சொன்னாளோ. இத்தனை வருஷமா நம்ம முன்னறையில வந்து பேசிட்டுப் போன அத்தனை பேரையும் நாம பாதியிலதான் பாத்தோமோ என்னமோ. எத்தனை பேரைத் திட்டியிருப்பேன், எத்தனை பேருக்காக அழுதிருப்பேன், எல்லாம் வீண்தானா? உனக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியலை.

அப்பா எங்க போயிருக்கார்னு சொல்றேன்னேன்ல. கேன்காரர் கடை எதிர்ல ஒரு டீக்கடைப் பெஞ்சு இருக்கே, அங்க போய் உக்காந்திருக்கார். தினமும் போறார். மூடின ஷட்டரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பார், வீடு கடைக்குப் பின்னாலதானே, கேன்காரர் வெளியில வந்தா எழுந்து நிப்பார், அவர் இந்தப் பக்கம் பாக்காம போயிடுவார், இவர் திரும்பவும் உக்காந்துக்குவார். ஒருநாள் அந்தத் தங்கச்சி, கேன்காரர் சம்சாரம், குழாயடியில என்னைப் பாத்து, அண்ணனை வீட்டுலேயே இருக்கச் சொல்லுங்கக்கா, அவரைப் பாத்தா இவர் அன்னிக்குச் சாப்பிட மாட்டேங்கிறார்னு சொன்னா. வீட்டுல அப்பா பேச்சே நின்னு போச்சு. என்ன கேட்டாலும் சரி, இல்லை, தெரியாது, அவ்வளவுதான். நீட்டி ஒரு வாக்கியம் பேசினா எவனாவது நடுவுல கத்தரிக்கோலை வச்சுடுவானோன்னு பயப்படுற மாதிரி இருக்கு. ஆனா டிவியை மட்டும் போடுறார். உங்க டிவியேதான். பாப்பாவுக்குத் தெரிஞ்சா மிச்சத்தைப் போட வைப்பான்னு முதல்ல சொல்லிக்கிட்டு இருந்தார். இப்ப அதுவும் சொல்றதில்லை, பாக்குறார், அவ்வளவுதான்.

இப்ப நான் கேக்க வந்ததைக் கேக்குறேன், கோவிச்சுக்காதே, கோவிச்சாலும் பரவாயில்லை. அது வந்த மறுநாள் நீ போன் பண்ணினே. அப்பா டிவியில வந்தாராமே, ஆபீஸ்ல எல்லாரும் பாத்தாங்களாம்னு சொன்னே. நீ பாத்தேன்னு சொல்லலை. அப்பாகிட்டக் குடுக்கவான்னு கேட்டதும் என் முழங்கால் எப்படி இருக்குன்னு கேட்டே. அதுல இருந்து அப்பா போனை வாங்குற நேரமெல்லாம் உனக்கு ஷிப்ட் வந்துடுது. பெத்தவ நான், உன் குரல்ல எது சிரிப்பு எது சமாளிப்புன்னு எனக்குத் தெரியாதா? அதை வெட்டினது யார் பாப்பா? உங்க ஆபீஸ்ல உன்னை மாதிரி நிறையப் பேர் இருப்பாங்க, வேற யாராவது பண்ணியிருந்தா நான் அவங்களைத் திட்டிட்டு அந்த நிமிஷமே தூங்கிடுவேன், அவங்களுக்கு அப்பாவைத் தெரியாது, சந்தேகம் வரும்னு சொன்னா சந்தேகம்னுதான் எடுத்துக்குவாங்க. ஆனா உன் கைக்கு வந்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும். அடுத்து என்ன வரும்னு இந்த உலகத்துல என்னைத் தவிர தெரிஞ்ச ஒரே ஆள் நீதான். தட்டுல தட்டிக் காட்டினவ நீ. தெரிஞ்சே அந்த இடத்துல கத்தரியை வச்சியா? மேல இருக்கிறவங்க சொன்னாங்களா, நேரம் இல்லைன்னாங்களா? என்னவா இருந்தாலும் எழுது. தெரியலைம்மான்னு மட்டும் எழுதாதே.

இன்னொண்ணு. நான் துணி வெட்டினா மிச்சம் மேசைக்கு அடியில கிடக்கும், உடனே பெருக்கித் தள்ள மாட்டேன். உங்க ஆபீஸ்லயும் எடுத்ததை உடனே அழிக்க மாட்டோம், கொஞ்ச நாள் வச்சிருப்போம்னு நீதான் ஒருதடவை சொன்னே. அப்படின்னா அப்பா பேசின மிச்சம் அங்க எங்கேயோ கிடக்கு. அந்தப் பள்ளத்தைக் காட்டினதும் கிடக்கு. அதை எனக்கு அனுப்பு. டிவியில போடுன்னு நான் கேக்கலை, அது உன்னால ஆகாதுன்னு தெரியும், தெரு நம்பணும்னும் நான் கேக்கலை, தெரு கிடக்கட்டும். அந்த ஒரு மனுஷன் ஊரை விட்டுப் போறதுக்குள்ள அதைப் பாக்கணும். போனை எடுத்துக்கிட்டு நானே போய் அவர் முன்னால வச்சுக் காட்டுறேன். அவர் பாத்துட்டு அப்பா பக்கம் ஒருதரம் திரும்பினாப் போதும். இதை வெளிய அனுப்பினா உன் வேலைக்குச் சிக்கல் வருமான்னு நானும் யோசிச்சேன், வரலாம். அப்படின்னா வேண்டாம் கண்ணுன்னு அம்மா சொல்வேன்னு நீ எதிர்பாத்தா, நான் அப்படிச் சொல்லப் போறதில்லை. அனுப்பு.

இவ்வளவு எழுதி முடிக்கிறப்போ அப்பா உள்ள வந்துட்டார். இன்னிக்கு என்னமோ சீக்கிரம். காகிதத்தை மறைக்கப் பாத்தேன், முடியலை. பாப்பாவுக்கான்னார், ஆமான்னேன். கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். அப்புறம் பேசினார் பாப்பா, எத்தனையோ நாளைக்கு அப்புறம் நீட்டிப் பேசினார். பாப்பாதான் அதை வெட்டியிருப்பான்னு நீ நினைக்கிறே, எனக்கும் அது தோணாம இல்லைன்னார். அவ என்ன பண்ணுவா, மேல இருக்கிறவன் இவ்வளவுதான் நேரம், இதை மட்டும் எடுன்னு சொன்னா செஞ்சுதான் ஆகணும், அப்பன்னு பாத்தா வேலை நடக்குமா, அவளும் அங்க தனியாக் கிடந்து பொழைக்கணும்லன்னார். அத்தோட நிறுத்தினார். நான் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு அவர் வாயையே பாத்துக்கிட்டு இருந்தேன், நீ சின்னப் பிள்ளையில காத்துக்கிட்டு இருப்பியே அந்த மாதிரி. அடுத்தது வரும், இப்ப வரும்னு இருந்தேன். வரலை. செருப்பை மாட்டிக்கிட்டுத் திரும்பவும் அந்தப் பெஞ்சுக்கே போயிட்டார்.

அவர் சொல்லாததை நான் என்னன்னு எழுதுவேன், நீதான் சொல்லணும்.

எங்க ஆயுசையும் சேத்து நீ நல்லா இருக்கணும், நோய் நொடி அண்டாம இருக்கணும். வெறும் வயித்துல டீயைக் குடிச்சுக் குடிச்சுக் குடலைப் புண்ணாக்கிக்காதே. கண்ணுக்கு மருந்து போடு. மாசம் முடியுறதுக்குள்ள அனுப்பு, மறந்துடாதே, அதுக்கப்புறம் காட்ட இங்க ஆள் இருக்காது.

வாசல்லயே கண்ணை வச்சுக்கிட்டு இருக்கும்,
உன் அம்மா.